பிரசவத்துக்கு இலவசம்

ஜூலியட் ஓட்டுகிற ஆட்டோவின் முதுகில் இரண்டே வார்த்தை எழுதியிருக்கும்: பிரசவத்துக்கு இலவசம். இந்த வாசகம் எத்தனையோ ஆட்டோக்களில் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கை காட்டினால் காது கேட்காத மாதிரி போய்விடுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஜூலியட் அந்த ரகம் இல்லை. அவளுக்கு அது வேண்டுதல். வலி எடுத்தவள் என்றில்லை, செக்கப்புக்குப் போகிற மூன்று மாசக்காரியாக இருந்தாலும் சரி, வயிற்றில் பிள்ளையோடு ஏறியவளிடம் கை நீட்ட மாட்டாள். யாராவது வெட்கப்பட்டுக் காசு கொடுக்க வந்தால் திட்டுவாள். அவள் திட்டு சாதாரணத் திட்டு இல்லை. கோட்டுச்சேரி ஸ்டாண்டில் மீசை வைத்த டிரைவர்களே அவள் வண்டி வந்து நின்றால் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று பெரியவர்கள் யாரைப் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது, ஜூலியட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. மூன்று தடவை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. முதல் இரண்டும் ஊருக்குச் சொல்வதற்கு முன்பே போய்விட்டன. மூன்றாவது ஐந்து மாசம் இருந்தது. பெண். பெனிட்டா என்று மனசுக்குள் பேர்கூட வைத்துவிட்டாள். அது உயிரில்லாமல்தான் வெளியே வந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் வரிசையில் இடம் கிடையாது, மதில் ஓரமாகப் புதைத்துக்கொள்ளுங்கள் என்றார் அப்போதிருந்த கோயில் கணக்கப்பிள்ளை. தொண்ணூறு வயசுக் கிழவர் போனாலும் அடிக்கிற துக்க மணியை அதற்கு அடிக்கவில்லை. ஜூலியட் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். நினைவு வந்ததும் முதலில் கேட்டது, "மணி அடிச்சாங்களா?" என்றுதான். புருஷன் அகஸ்டின் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

அதற்கு அடுத்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போனாள். "எனக்குத்தான் குடுக்கல. குடுத்து வச்சவளுங்களையாவது பத்திரமா கொண்டுபோய் சேக்கறேன்" என்று மாதாவிடம் சண்டை போடுகிற மாதிரி சொல்லிவிட்டு வந்தாள். வந்து ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

இந்த வருஷம் மார்ச் மாசம், மாதா கருவுற்ற சேதியைக் கொண்டாடுகிற மங்கள வார்த்தைத் திருநாள் பூசை முடிந்ததும், அவர்கள் அன்பியத்துப் பெண்களை எல்லாம் சகாயம்மாள் கூட்டி வைத்துப் பேசினாள். அன்பியம் என்றால் தெருவாரியாகக் கூடிச் செபிக்கிற குழு. தையற்கடை வைத்திருக்கிற சகாயம்மாள்தான் அதற்குத் தலைவி. அவள் சொன்னது இது. எங்கோ ஒரு தாயின் வயிற்றில் அழிக்கப்படப் போகிற பிள்ளை ஒன்று இருக்கும். யார் தாய், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அந்தப் பிள்ளையை ஆளுக்கு ஒன்றாக மனசால் தத்தெடுத்து, ஒரு பேர் வைத்து, கிறிஸ்துமஸ் வரை ஒன்பது மாசமும் அது பிழைக்க வேண்டும் என்று தினமும் செபிக்க வேண்டும். மற்றவர்கள் அந்தோணி என்றும் தெரசா என்றும் பேர் வைத்தார்கள். ஜூலியட் யோசிக்கவே இல்லை. பெனிட்டா என்றாள். ஒரு நீல ரிப்பனில் அந்தப் பேரை எழுதி ஆட்டோ கண்ணாடிக்குப் பக்கத்தில் மாதா படத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"யாருக்கா பெனிட்டா?" என்று முதலில் கேட்டவள் ஞானசௌந்தரி. திருவேட்டக்குடிக்காரி. காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. தினம் காலையில் வேலைக்குப் போகிற வேறு சில பெண்களோடு ஜூலியட் வண்டியில்தான் வருவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டாவது பிள்ளை நிலவன் பிறந்ததும் இந்த வண்டி புண்ணியத்தில்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் சீட்டெல்லாம் ரத்தம். தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய பாடு. சீட்டை அடிபம்பில் கழுவக் கழுவ சிவப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்ததை ஜூலியட் இன்னும் மறக்கவில்லை.

அவள் ரிப்பனைப் பற்றிக் கேட்ட அன்றைக்கு எதிரே ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே ஜூலியட் பாதி பதில்தான் சொன்னாள். "பொறக்கவிடாம அழிச்சிடப் போற புள்ள ஒண்ணு. அதுக்கு ஜெபம் பண்றேன்."

ஞானசௌந்தரி அந்த ரிப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் புரிந்த மாதிரி புரிந்துகொண்டாள்.

ஜூலை மாசம் ஒரு நாள் மற்ற பெண்கள் எல்லாரும் தலத்தெருவோடு இறங்கிவிட்டார்கள். ஞானசௌந்தரி மட்டும் பின்னால் இருந்தாள். "அக்கா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்" என்றாள். குரல் சரியில்லை. ஜூலியட் ஒரு புங்க மரத்தடியில் வண்டியை ஒதுக்கினாள்.

"நாள் தள்ளிப் போச்சுக்கா. மூணாவது மாசம் தொடக்கம்."

ஜூலியட்டின் முகம் மலர்ந்தேவிட்டது. "அடி இவளே! செல்லையன் கம்பு ஊனி நடக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம்கூட முழுசா ஆவல, அதுக்குள்ளயா?"

செல்லையன் அவள் புருஷன். நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, பல மாசம் படுக்கையில் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறான். ஞானசௌந்தரி சிரிக்கவில்லை.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்க்கா. ஆஸ்பத்திரியில போயி கேட்டுட்டேன். டாக்டரம்மா, நாள் அதிகமாவறதுக்குள்ள வா, துணைக்கு ஒரு பொம்பளைய கூட்டிக்கிட்டு வான்னாங்க. வேற யாருகிட்டயும் சொல்ல முடியாதுக்கா. நீங்க வாங்க."

ஜூலியட்டுக்குக் காது அடைத்துப் போயிற்று. தன்னிடமா? தன் வண்டியிலா?

"ஏண்டி, என் வண்டி முதுகுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டுதான் ஏறுனியா? உசுருடி அது!"

"உசுரு இல்லன்னு நான் சொல்லலியேக்கா. ரெண்டு பெத்தவளுக்குத் தெரியாதா? உசுருதான். நானும் உசுருதானே. போன தடவ நான் பொழைச்சது உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு தாங்காதுன்னு அப்பவே சொன்னாங்க. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு உடம்புல ரத்தம் இல்லன்னு தள்ளிப் போட்டாங்க, அப்புறம் அவரு விழுந்துட்டாரு. நான் போயிட்டா மூத்தவ தமிழ்மொழிய யாரு படிக்க வைப்பா? நிலவனுக்குச் சோறு யாரு ஊட்டுவா?"

"செல்லையனுக்குத் தெரியுமா?"

"தெரியும். உன் இஷ்டம்னாரு. சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

ஜூலியட் சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். அவள் அடுத்துச் சொன்னது யோசித்துச் சொன்னது இல்லை. பதினைந்து வருஷமாக உள்ளே இருந்தது தானாக வெளியே வந்துவிட்டது. "பெத்து என்கிட்ட குடுத்துடு சௌந்தரி. நான் வளக்கறேன். உன்னைய நான் பாத்துக்கறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன். குடுத்துடு."

ஞானசௌந்தரி அவளையே பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"பெத்துக் குடுக்க நான் இருக்கணுமேக்கா. இருந்தாலும், பெத்துட்டா நான் குடுக்க மாட்டேன். எனக்கு என்னைய தெரியும்."

"அப்ப எதுக்குடி என்கிட்ட வந்த? ஊர்ல வேற ஆட்டோ இல்ல?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, அழிஞ்சு போற புள்ளைக்கு ஜெபம் பண்றேன்னு." ஞானசௌந்தரி ரிப்பனைக் காட்டினாள். "வராத புள்ளைங்கள நல்லபடியா வழியனுப்பறதுக்கு உங்கள்ல ஒரு ஜெபம் இருக்கு போலன்னு நெனச்சேன். எங்கள்ல அதுக்கு ஒண்ணும் கெடையாது. இதுக்கும் ஒரு பேரு வச்சு ஜெபம் பண்ணுவீங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

இப்படியும் ஒருத்தி தப்பாகப் புரிந்துகொள்வாளா! ஜூலியட்டுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கோபமா, பிள்ளையைக் கேட்டுக் கிடைக்காதவளின் ஏமாற்றமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"எறங்கு."

"அக்கா..."

"எறங்குன்னேன்."

ஞானசௌந்தரி இறங்கினாள். "பரவால்லக்கா. கூட வர ஆளு இல்லன்னா மாத்திரை வாங்கித் தர்றேன்னு ஒருத்தி சொல்லியிருக்கா. வீட்டுலயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள். ஜூலியட் வண்டியை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மட்டும் பார்த்தாள்.

மத்தியானம் சவாரி ஓடவில்லை. நேரே சகாயம்மாள் கடைக்குப் போய், யார் என்று பேர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள். சகாயம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நல்ல மனுஷி அவள். கேட்கக் கேட்கக் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அந்தப் புள்ளைக்கு வாய் இல்லடி ஜூலி. அதுக்காக வாய் தொறக்கறதுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா? நீ கூடப் போனீன்னா அந்தப் பாவத்துல உனக்கும் பங்கு வரும்."

"அதாங்க்கா நானும் மாட்டேன்னுட்டேன்."

"மாட்டேன்னு சொல்லாத. வர்றேன்னு சொல்லு. இன்னைக்கு வண்டி சரியில்ல, நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னு நாளை இழு. நாள் தாண்டிட்டா டாக்டரே முடியாதுன்னுடுவாங்க. புள்ள பொழைச்சுக்கும்."

"அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆண்டவர் பாத்துக்குவாரு."

ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பதில் ஜூலியட்டுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நிலவன் பிறந்த அன்றைக்குச் சீட்டைக் கழுவியது அவள்தான். தவிர, பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை அவள் பரம்பரையிலேயே யாருக்கும் வராது. திட்டுவதென்றால் நேரில் திட்டுவாள், மாட்டேன் என்றால் மாட்டேன் என்பாள். நம்பி வந்தவளை நம்ப வைத்துக் கழுத்தறுப்பதா? போயிட்டு வர்றேங்க்கா என்று எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அகஸ்டின் கொல்லையில் உட்கார்ந்து கானாங்கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தான். எலக்ட்ரீஷியன் வேலை சீக்கிரம் முடிகிற நாளில் மீன் அவன் பொறுப்பு. ஜூலியட் கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். சௌந்தரியைத் திட்டினாள், செல்லையனைத் திட்டினாள், அந்த மாத்திரைக்காரியைத் திட்டினாள். "என் வண்டியில ஏத்த மாட்டேன்னுட்டேன். சரிதான?" என்று முடித்தாள்.

அகஸ்டின் மீன் செதிலை வழித்துக்கொண்டே இருந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"அன்னைக்கு நம்ம பாப்பாவ துணியில சுத்திக் குடுத்தாங்க" என்றான். "ஒரு கை பாரம்கூட இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ நின்னுச்சு. கல்லறைக்குப் போவணும்னேன். மடியில என்னன்னு கேட்டான். சொன்னேன். பொணம் ஏத்த மாட்டேன்னுட்டான்."

ஜூலியட் இதைக் கேட்டதே இல்லை. "அப்புறம் எப்படிப் போன?"

"சைக்கிள்லதான். முன்னால கூடையில வச்சுக்கிட்டு. குலுங்கக் கூடாதுன்னு பாதி தூரம் உருட்டிக்கிட்டே போனேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கை முழுக்கச் செதில். "மணி அடிக்காததுகூட எனக்குப் பெருசா தெரியல ஜூலி. ஆறுதல்கூட யாரும் சொல்ல வேணாம். கூட ஒரு ஆளு பேசாம வந்திருந்தாப் போதும். இன்னைக்கும் அதைத்தான் நெனைச்சுக்குவேன்."

அவள் சரியா தப்பா என்று அவன் சொல்லவே இல்லை. மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஜூலியட்டுக்கு இறங்கவில்லை. பொணம் ஏற்ற மாட்டேன் என்ற அந்த ஆட்டோக்காரன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்கிற தன் முகம்தான் வந்தது.

மறுநாள் காலையில் கோட்டுச்சேரி ஸ்டாண்டில் கை காட்டியவர்களை எல்லாம் விட்டுவிட்டு வண்டியை நேரே திருவேட்டக்குடிக்கு விரட்டினாள். ஞானசௌந்தரி பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இந்த வண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாத்திரை கீத்திரை முழுங்கித் தொலைச்சியா?"

"இல்ல. இன்னைக்குத்தான் தர்றேன்னிருக்கா."

"ஏறு."

"எங்கக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. நான் தப்புன்னுதான் சொல்லுவேன். போற வழியெல்லாம் சொல்லுவேன். காதைப் பொத்திக்கிட்டு வந்தாலும் சரி, திருப்பித் திட்டுனாலும் சரி. ஆனா நீ தனியா போவக் கூடாது. ஏறு."

ஞானசௌந்தரி ஏறினாள். வழியெல்லாம் சொல்வேன் என்ற ஜூலியட் வரிச்சிக்குடி வரைக்கும்தான் சொன்னாள். மேடு பள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வண்டியை மெதுவாக விட்டாள், பிரசவத்துக்குப் போகிறவளை வைத்து ஓட்டுகிற மாதிரியே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "கூட வந்திருக்கறது யாரு?"

"அக்கா" என்றாள் ஜூலியட்.

நர்ஸ் இவள் கழுத்துச் சிலுவையையும் அவள் நெற்றிக் குங்குமத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்காவா?"

"ஏன், ஜாடை தெரியலியா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். ஞானசௌந்தரிகூடக் கொஞ்சம் சிரித்தாள். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது, போன தடவை நடந்ததைப் பார்த்தால் சாயங்காலம் வரை இங்கேயே வைத்துத்தான் அனுப்ப முடியும், வீட்டில் எதுவும் செய்துகொண்டிருந்தால் ஆளையே பார்த்திருக்க முடியாது என்றார். பிறகு நிதானமாகக் கேட்டார். "இன்னொரு தடவ கேக்கறேம்மா. யாரும் கட்டாயப்படுத்தல இல்ல? உன் முடிவுதானே?"

வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஜூலியட் அந்தக் கடைசி நிமிஷத்திலும் ஆசைப்பட்டாள். ஞானசௌந்தரி அவளைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். "என் முடிவுதாங்கம்மா" என்றாள். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜூலியட் செபமாலையைக் கையில் எடுத்தாள். எடுத்தவளுக்கு எதை வேண்டுவது என்று தெரியவில்லை. மார்ச் மாசத்திலிருந்து வேண்டியது ஒன்று. இப்போது உள்ளே நடப்பது ஒன்று. அந்தக் குழந்தை பிழைக்கட்டும் என்று கேட்டால் சௌந்தரிக்கு எதிராகக் கேட்கிற மாதிரி இருந்தது. சௌந்தரி நன்றாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டால் அந்த வாயில்லாத ஜீவனைக் கைவிட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது. மாதா மேல் கோபம் கோபமாக வந்தது. கடைசியில், "ரெண்டு பேரையும் நீயே பாத்துக்க, எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல" என்று சொல்லிவிட்டு வெறும் மணிகளை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் விட்டார்கள். ஞானசௌந்தரி வெளுத்துப் போயிருந்தாள், ஆனால் நடந்தாள். ஜூலியட் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, முதுகுக்குத் தன் சால்வையை மடித்து வைத்து உட்கார வைத்தாள். வண்டி கோயில் தெருவைத் தாண்டும்போது ஆறு மணிக்கு அடிக்கிற மணி அடித்தது. அந்த மணி அடித்தால் ஜூலியட் எந்த அவசரத்திலும் வண்டியை ஓரம் கட்டி, சிலுவை போட்டு, மாதாவின் வயிற்றில் கடவுளின் வார்த்தை மனுவுருவானது என்கிற செபத்தைச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். அன்றைக்கும் நிறுத்தினாள்.

"யாருக்குக்கா மணி?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ஞானசௌந்தரி.

"தெனமும் அடிக்கறதுதான்."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஜூலியட் நீல ரிப்பனைப் பார்த்தாள். "இன்னைக்கு மட்டும் ரெண்டு பேருக்குன்னு வச்சுக்க" என்றாள். "உன்னுது ஒண்ணு. என்னுது ஒண்ணு."

ஞானசௌந்தரியும் கை கூப்பினாள். மணி ஓய்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

திருவேட்டக்குடியில் தெரு முனையிலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றாள். இறங்கி நின்று பர்ஸைத் திறந்தாள்.

"அக்கா, வாடகை."

"உள்ள வை."

"பிரசவத்துக்குத்தானக்கா இலவசம். இது அது இல்லியே. வாங்கிக்குங்க."

ஜூலியட்டுக்கு வழக்கம்போல வாய் வரைக்கும் திட்டு வந்தது. நீட்டிய கையைப் பார்த்தாள். வாங்காவிட்டால் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மாதிரி. முழுசாக வாங்கிவிட்டாலோ, காலையில் இந்த வண்டியில் வந்தது வேறு யாரும் இல்லை, ஒருத்திதான் என்று ஆகிவிடும்.

"போவும்போது நீங்க ரெண்டு பேரு ஏறுனீங்க" என்றாள் ஜூலியட். "அதுக்கு என் வண்டியில காசு கெடையாது. எவளுக்கும் கெடையாது. வரும்போது ஒருத்தியாத்தான வந்த. வந்த வாடகைய மட்டும் குடு."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலை மூடியா இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகட்டும். ஜூலியட் அழாதே என்று சொல்லவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

அழுது முடிந்ததும் வந்த வாடகையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு வேலைக்குப் போவாத. நாளான்னைக்குக் காலையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.